இடுப்பில் துப்பாக்கி, கையில் மருந்துச்சீட்டு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒருவர் சிகிச்சைக்காக மருத்துவமனைக்குப் போகும்போது, தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கியைச் சட்டைக்கு அடியில் மறைத்துக்கொண்டு போவது இன்று வியப்புக்குரிய செய்தியாக இல்லை. அந்நாட்டின் மாநிலங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில், வயது வந்த ஒருவர் மறைத்த துப்பாக்கியுடன் பொது இடங்களில் நடமாட உரிமம்கூட வாங்க வேண்டியதில்லை. 2022 ஜூன் 23 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நியூயார்க் மாநிலத்துச் சட்டம் ஒன்றைச் செல்லாதென அறிவித்து, தற்காப்புக்காக வீட்டுக்கு வெளியேயும் கைத்துப்பாக்கி தாங்குவது குடிமக்களின் அரசியலமைப்பு உரிமை என்று தீர்ப்பளித்தது. பள்ளிக்கூடம், அரசு அலுவலகம் போன்ற தனிக் கவனத்துக்குரிய இடங்களில் தடை விதிக்கலாம் என்பதை மட்டும் அத்தீர்ப்பு ஒப்புக்கொண்டது. மருத்துவமனை அத்தகைய இடமா என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு. மிச்சிகன் மாநிலச் சட்டம் மருத்துவமனைக்குள் மறைத்த துப்பாக்கியை விலக்குகிறது. டெக்சாஸிலோ, உரிமம் பெற்றவரைத் தடுக்க வேண்டுமானால் மருத்துவமனை நிர்வாகம் அவருக்கு முறையான அறிவிப்புத் தர வேண்டும். அந்த அறிவிப்பு வாசற்பலகையாக இருந்தால், சட்டம் வகுத்த வாசகம் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் ஓர் அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் இருக்க வேண்டும்.

கடல் கடந்த நாட்டின் துப்பாக்கிச் சட்டம் நமக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். நம் பங்குகளிலிருந்து செவிலியராகவும் மருத்துவராகவும் அங்கே சென்றிருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு பங்குத்தந்தையும் அறிவார். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. அந்நாட்டில் மருத்துவமனை சேருகின்ற நோயாளிகளில் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர் கத்தோலிக்க மருத்துவமனையில்தான் சேருகிறார். அருட்சகோதரிகள் கட்டி எழுப்பிய அந்த இல்லங்களின் வாசலில் துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்பது திருச்சபை முழுவதையும் தொடும் வினா. அத்துடன், திருச்சபையின் மறைக்கல்வியையே எடுத்துக்காட்டி இவ்வழக்கத்தை நியாயப்படுத்துவோர் கத்தோலிக்கர் நடுவிலேயே இருக்கின்றனர். அவர்களோடு நமக்குள்ள வழக்கையே இங்கு எழுதுகிறோம்.

அவர்கள் சொல்வதை முதலில் குறையாமல் கேட்போம். தன் உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமை இயற்கைச் சட்டத்தில் வேரூன்றியது. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 2263 முதல் 2265 வரையுள்ள எண்களில் இதை ஏற்கிறது. பிறர் உயிருக்குப் பொறுப்பானவர்க்குத் தற்காப்பு உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும் என்கிறது. கொலை எண்ணத்துடன் வருபவன் வாசற்பலகையைப் படித்துத் திரும்பிப் போகமாட்டான். பலகைக்குக் கட்டுப்படுபவர் நல்லவர் மட்டுமே. ஆகவே தடை என்பது நல்லவர்களை மட்டும் நிராயுதபாணியாக்குகிறது. துப்பாக்கியை வாகனத்திலேயே விட்டுச் சென்றால் திருடர் கைக்குப் போகும். நோயாளி பலவீனர், பலவீனருக்குத்தானே பாதுகாப்பு அதிகம் வேண்டும்? இவை அற்பமான வாதங்கள் அல்ல. குறிப்பாக வாகனத் திருட்டைப் பற்றிய வாதம் உண்மையானது. அதற்குப் பின்னர் வருவோம்.

ஆனால் இவ்வாதங்களில் ஒன்றுகூட மருத்துவமனை என்னும் இடத்துக்குள் நுழைந்து பார்த்ததாகத் தெரியவில்லை. சிகிச்சைக்குப் போகிறவருக்கு உள்ளே என்ன நேர்கிறது? முதலில் உடையைக் களைகிறார். இடுப்பில் இருந்ததெல்லாம் ஒரு நெகிழிப் பைக்குள்ளோ நாற்காலியின் மேலோ போகிறது. முதுகுப்புறம் முடிச்சிடும் ஒரு மெல்லிய அங்கி அவருக்குத் தரப்படுகிறது. வலி கடுமையானால் அபின் வகை மருந்து ஏற்றப்படுகிறது. அறுவை என்றால் மயக்க மருந்து. மயக்கம் தெளியும் வேளையில் தாம் எங்கிருக்கிறோம் என்றறியாமல் கை கால்களை வீசும் நோயாளிகள் உண்டு. முதியோர் சிலருக்கு அந்தக் குழப்பம் நாட்கணக்கில் நீடிப்பதும் உண்டு. விபத்தில் அடிபட்டு நினைவிழந்து வருபவருடைய உடையைச் செவிலியர் கத்தரிக்கோலால் வெட்டி அகற்றுகிறார்; மறைந்திருக்கும் துப்பாக்கி அப்போது அவர் விரலில் தட்டுகிறது. துப்பாக்கிக்குரியவர் எந்த நேரத்தில் மிகப் பலவீனராக இருக்கிறாரோ, அந்த நேரத்தில் அது அவர் வசம் இல்லை. படுக்கையருகில் வந்துபோகும் எவர் கைக்கும் எட்டும் தூரத்தில் அது கிடக்கிறது. தோட்டாவை எப்படி அகற்றுவது என்று அறியாத ஒரு செவிலியர் அதற்குக் காவலிருக்க வேண்டியதாகிறது. தம் பாதுகாப்புக்கென்று அவர் கொண்டுவந்த பொருள், அவரைக் காப்பாற்ற வந்தவர் தோளில் ஏற்றப்பட்ட சுமையாகிவிடுகிறது.

எம்.ஆர்.ஐ. என்று நாம் வழங்கும் காந்தப் படக் கருவியை எண்ணிப் பாருங்கள். அதிலுள்ள காந்தம், படமெடுக்கும் நேரத்தில் மட்டுமின்றி இரவும் பகலும் வேலை செய்துகொண்டே இருக்கும். சாதாரணமாகப் பயன்படும் கருவியின் காந்த வலிமை பூமியின் காந்த வலிமையைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், பணிநேரத்தில் இல்லாத காவலர் ஒருவர் பரிசோதனைக்கு வந்த இடத்தில், அவர் கையிலிருந்த துப்பாக்கியைக் காந்தம் பறித்துக்கொண்டது. பாதுகாப்புப் பூட்டு இட்டிருந்தும் அது வெடித்துச் சுவரில் பாய்ந்தது. கதிரியக்க மருத்துவ ஏடு ஒன்றில் 2002-இல் இந்நிகழ்ச்சி பதிவாயிற்று. அன்று யாருக்கும் காயமில்லை. 2023 ஜூனில் அமெரிக்கப் பெண்மணி ஒருவர், உலோகப் பொருள் எதுவும் இல்லை என்று கேள்வித்தாளில் பதிலளித்துவிட்டு, மறைத்த துப்பாக்கியுடன் அந்த அறைக்குள் சென்றார். துப்பாக்கி வெடித்து அவர் பிட்டத்தையே துளைத்தது. நல்லவேளையாகச் சிறு காயம். அதே ஆண்டு ஜனவரியில் பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ நகரில், தாயைப் பரிசோதனைக்கு அழைத்துவந்த வழக்கறிஞர் ஒருவருக்கு அந்த நல்லவேளை வாய்க்கவில்லை. எச்சரிக்கப்பட்டிருந்தும் இடுப்பில் துப்பாக்கி இருப்பதை அவர் சொல்லவில்லை. அது அவர் வயிற்றில் பாய்ந்தது, பிப்ரவரியில் இறந்தார். இவர்களில் எவரும் தீயவர் அல்லர். மறைப்பது ஒரு பழக்கமாகிவிட்டால், சொல்லியே ஆகவேண்டிய இடத்திலும் நா எழாது போலும்.

மருத்துவமனைகளில் நடந்த துப்பாக்கிச் சூடுகளை அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்து 2012-இல் வெளியிட்டனர். 2000 முதல் 2011 வரை 154 நிகழ்ச்சிகள். பாதிக்கப்பட்டோர் 235 பேர். அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குள் நடந்தவற்றில் 23 விழுக்காட்டில் பயன்பட்ட ஆயுதம் எது தெரியுமா? அங்கே காவலுக்கு நின்றவரிடமிருந்து பறிக்கப்பட்ட துப்பாக்கி. பயிற்சி பெற்று, சீருடை அணிந்து, விழித்த கண்ணோடு நிற்பவரிடமிருந்தே பறிக்க முடியுமானால், காய்ச்சலில் கிடக்கும் நோயாளியின் தலையணையடியிலிருந்து எடுப்பது எத்தனை எளிது! ஏன் சுட்டார்கள் என்பதையும் அவ்வாய்வு வகைப்படுத்தியது. முதலிடம் பழைய பகைக்கு. அடுத்தது தற்கொலை, ஐந்தில் ஒன்று. நோயுற்ற உறவினரின் துன்பத்தை 'முடித்துவைப்பதற்காக'ச் சுட்டவை 14 விழுக்காடு.

இந்தக் கடைசி இரண்டு செய்திகளின் முன் கத்தோலிக்கர் சற்று நின்று சிந்திக்க வேண்டும். மருத்துவமனை என்பது கெட்ட செய்திகள் அறிவிக்கப்படும் இடம். புற்றுநோய் என்றும், கால் இனி வராது என்றும், இன்னும் சில மாதங்களே என்றும் ஒரு மனிதரிடம் சொல்லப்படுகிற இடம். அச்சொல்லைக் கேட்டுவிட்டு வெளியே வருபவரின் இடுப்பில் என்ன இருக்கிறது என்பது சிறிய கேள்வியா? 2021-இல் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தாமே சுட்டுக்கொண்டவர்கள். அந்நியன் தாக்க வருவான் என்று வாங்கப்படும் துப்பாக்கி, பாதிக்கு மேற்பட்ட சாவுகளில், வைத்திருந்த வீட்டாரின் விரக்திக்கே பயன்பட்டிருக்கிறது. கருணைக்கொலையை எதிர்த்து ஓயாமல் எழுதும் நம் அமெரிக்கச் சகோதரர்கள், நோயாளியின் படுக்கையருகே துப்பாக்கி இருக்க வாதாடும்போது எதற்கு வழிவிடுகிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தார்களா?

நல்லவர், தீயவர் என்று மனிதரை முன்கூட்டியே இரு வரிசையாக நிறுத்திவிடுகிறது அவர்களது வாதம். 2018 நவம்பர் 19 அன்று சிகாகோ நகரில், அப்போது மெர்சி என்ற பெயர் தாங்கியிருந்த மருத்துவமனையில், பெண் மருத்துவர் ஒருவரும் இளம் மருந்தாளுநர் ஒருவரும் காவலர் ஒருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரக்கத்தின் அருட்சகோதரிகள் 1852-இல் தொடங்கிய இல்லம் அது. சுட்டவன் அம்மருத்துவரை மணக்க நிச்சயித்திருந்து பிரிந்தவன். மறைத்த துப்பாக்கி வைத்திருக்க முறையான உரிமம் பெற்றவன். அன்று காலைவரை சட்டத்தின் கணக்கில் அவன் நல்லவர் வரிசையில்தான் நின்றான். 2022 ஜூன் 1 அன்று ஒக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில், புனித பிரான்சிஸ் மருத்துவமனை வளாகத்தில் நடந்தது நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. சுட்டவர் அங்கே மே 19 அன்று முதுகில் அறுவை செய்துகொண்ட நோயாளி. வலி தீரவில்லை என்று மீண்டும் மீண்டும் முறையிட்டவர். மே 29 அன்று கைத்துப்பாக்கியும், சம்பவத்தன்று பிற்பகல் நீள்துப்பாக்கியும் சட்டப்படி வாங்கி, தமக்கு அறுவை செய்த மருத்துவரைத் தேடி வந்தார். அம்மருத்துவர் உட்பட நான்கு பேரைக் கொன்று தம்மையும் மாய்த்துக்கொண்டார். நோயும் வலியும் மனிதரை ஒரு வரிசையிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளிவிடும் வல்லமை உடையவை. மருத்துவமனையின் சிறப்பே அத்தகைய வலியில் இருப்போர் கூடும் இடம் என்பதுதான்.

எதிர்த்தரப்பார் உடனே எடுத்துக்காட்டும் ஒரு நிகழ்ச்சி உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 2014 ஜூலை 24 அன்று பென்சில்வேனியா மாநிலத்து டார்பியில் உள்ள மற்றொரு கத்தோலிக்க மருத்துவமனையில், மனநோய்ச் சிகிச்சைக்கு வந்த ஒருவர் அங்கே பணியாற்றிய பெண்மணியைச் சுட்டுக் கொன்றார். மனநல மருத்துவர் தம்மிடமிருந்த துப்பாக்கியால் திருப்பிச் சுட்டு அவரை வீழ்த்தினார். மருத்துவமனையின் விதி அம்மருத்துவர் துப்பாக்கி வைத்திருப்பதை அனுமதிக்கவில்லை. ஆயினும் அவர் சுட்டிராவிட்டால் இன்னும் பலர் இறந்திருப்பார்கள் என்று அரசு வழக்கறிஞர் கூறினார். அம்மருத்துவரை நாம் குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் அன்றைய நிகழ்ச்சியில் முதல் துப்பாக்கி யாருடையது? சிகிச்சைக்கு வந்தவர் மறைத்துக் கொண்டுவந்தது. வாசலில் கேட்கப்படாமல், சோதிக்கப்படாமல் உள்ளே வந்தது. அதைத் தடுக்காத வாசலைப் பற்றிப் பேசாமல், எல்லா நோயாளிகளும் துப்பாக்கியோடு வரட்டும் என்ற முடிவுக்கு இந்நிகழ்ச்சியிலிருந்து எப்படி வரமுடியும்? டார்பியில் திருப்பிச் சுட்டது மருத்துவரின் துப்பாக்கி. வழக்கோ நோயாளியின் துப்பாக்கியைப் பற்றியது.

மறைக்கல்விக்கு வருவோம். புனித தாமஸ் அக்குவினாசு தற்காப்பை ஆராயும்போது, தேவைக்கு மேற்பட்ட வன்முறை முறையற்றது என்ற வரம்பையும் சேர்த்தே வகுத்தார். மறைக்கல்வி அவரைப் பின்பற்றுகிறது. 2265-ஆம் எண் கடமை என்று சொல்வது, பிறர் உயிருக்குப் பொறுப்பேற்றிருப்பவரைக் குறித்து. மருத்துவமனைக்குள் பிறர் உயிருக்குப் பொறுப்பேற்றவர் யார்? மருத்துவர், செவிலியர், காவலர். நோயாளியோ ஒப்படைக்கப்பட்டவர். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் தகப்பனும்கூட, அறுவை அறையின் கதவருகே அப்பிள்ளையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே அமர்கிறார். அவரது பொறுப்பு அழிந்துவிடவில்லை. ஆனால் அந்த நேரத்துக்கு அது நம்பிக்கையின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. மயக்க மருந்து கொடுப்பவரிடம் தம் மூச்சையே ஒப்படைக்கும் ஒருவர், அதே கட்டடத்திலுள்ள மற்றெல்லாரையும் நம்பாமல் ஆயுதம் தரித்து வருவதில் உள்ள முரண்பாடு அவருக்கே தெரியவில்லை என்பதுதான் வியப்பு.

இரண்டு வாள்கள் இருக்கின்றன என்று சீடர்கள் சொன்னதை லூக்கா நற்செய்தியிலிருந்து எடுத்துக்காட்டுவோர், அதே அதிகாரத்தில் இன்னும் சில வசனங்கள் தாண்டிப் படிக்க வேண்டும். கெத்சமனியில் பேதுரு அந்த வாளை உருவித் தலைமைக் குருவின் பணியாளர் மால்குவின் காதை வெட்டியபோது, ஆண்டவர் அக்காதைத் தொட்டுக் குணமாக்கினார். அவர் பாடுபடுமுன் செய்த கடைசிக் குணமாக்கல் அது. நற்செய்திகள் சொல்லும் குணமாக்கல்களில் ஆயுதம் உண்டாக்கிய காயத்தைத் தொட்டது அது ஒன்றே. அதுவும் தற்காப்புக்காகத் தம் சீடரே வீசிய வாளின் காயம்.

மருத்துவமனைகளின் பாதுகாவலராகத் திருச்சபை யாரை வைத்திருக்கிறது என்பதும் நினைவுகூரத்தக்கது. 1886-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் நோயாளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலராக அறிவித்த இருவர் புனித இறை யோவானும் புனித கமில்லஸ் தெ லெல்லிஸும். இருவரும் படைவீரராக இருந்தவர்கள். கமில்லஸ் காலில் ஆறாத புண்ணுடன் உரோமை நகரின் புனித யாக்கோபு மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வந்த முரட்டுப் போர்வீரர்; சண்டைக்காகவும் சூதாட்டத்துக்காகவும் அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர். பிற்பாடு நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் சபையை நிறுவியது அதே மனிதர்தான். இவர்களுக்கு முன், பாம்பலூனாவில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து நோயாளியாகக் கிடந்தெழுந்த லொயோலா இஞ்ஞாசியார், 1522 மார்ச்சில் மொன்செராத் மலையிலுள்ள அன்னையின் பீடத்தில் தம் வாளையும் குறுவாளையும் விட்டுவிட்டு இறங்கினார். இறங்கிப் போய்த் தங்கிய இடம் மன்ரேசா ஊரின் புனித லூசியா மருத்துவமனை. அவர் வீரம் குறைந்தவர் என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

படைவீரர் என்றதும் மற்றொன்று. அமெரிக்க அரசே தன் முன்னாள் படைவீரர்களுக்கென நடத்தும் மருத்துவமனைகளின் வளாகத்தில் ஆயுதம் கொண்டுவருவதற்குத் தடை இருக்கிறது. நாட்டுக்காக ஆயுதம் தாங்கியவர்களே சிகிச்சைக்கு வரும்போது அதை வெளியே விட்டு வருகிறார்கள். ஈழத்தமிழருக்கு இதைப் பிறர் சொல்லித் தரவேண்டியதில்லை. 1987 அக்டோபர் 21, 22 ஆகிய நாட்களில் இந்தியப் படையினர் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்து சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் மடிந்தனர். உள்ளிருந்து தங்களை நோக்கிச் சுட்டார்கள் என்பதே படையினர் சொன்ன நியாயம். அங்கே உயிர் பிழைத்தவர்கள் அதை மறுத்தனர். மருத்துவமனைக்குள் ஆயுதம் இருக்கிறது என்ற சொல் ஒன்றே அங்குள்ளோர் அனைவரையும் இலக்காக்கப் போதுமானதாயிற்று. 1990-இல் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் அதே மருத்துவமனையைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வலயத்தை ஏற்படுத்தியபோது, அதன் அடிப்படையே உள்ளே ஆயுதம் இல்லை என்ற உறுதிதான். குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நகரத்தில் இயன்ற ஒன்று, அமைதியான ஓர் அமெரிக்க நகரத்தில் இயலாதென்பதை நாம் ஏற்கமாட்டோம்.

அமெரிக்க ஆயர்கள் 1975 முதலே கைத்துப்பாக்கிப் பெருக்கத்தைக் கண்டித்து வந்திருக்கிறார்கள். அறிக்கைகள் போதும், கத்தோலிக்க மருத்துவமனைகளின் வாசலில் செயல் வேண்டும். சட்டம் பலகை கேட்கும் மாநிலத்தில் பலகை இருக்கட்டும். அதற்கருகே பூட்டுள்ள இரும்புப் பெட்டிகளும், துப்பாக்கியை வாங்கிப் பற்றுச்சீட்டுக் கொடுக்கப் பயிற்சி பெற்ற காவலரும் இருக்கட்டும். வாகனத்தில் விட்டால் திருடுபோகும் என்ற வாதத்துக்கு அதுவே பதில். உடன் வருவோருக்கும், வழிகாட்டிச் செல்லும் காவல்துறையினருக்கும் காந்த அறை வாசலில் ஒரே விதி இருக்கட்டும். நோயாளியை அவமதிக்காமல், குற்றவாளியைப் போல் நடத்தாமல் கேட்கும் முறையை ஊழியர் கற்றுக்கொள்ளட்டும். அங்கே பணிபுரியும் நம் பெண்கள், தம் பிரிவில் இப்படிப்பட்ட ஏற்பாடு உண்டா என்று மேலாளரிடம் எழுத்தில் கேட்கத் தயங்க வேண்டாம். தனியாகக் கேட்க அஞ்சினால் பங்கின் தமிழ்க் குழுவாகச் சேர்ந்து மருத்துவமனை நிர்வாகக் குழுவுக்கு எழுதலாம். சேர்க்கைப் படிவத்தில் எந்த மருந்து ஒவ்வாது, பல்கட்டு உண்டா, காதில் கருவி உண்டா என்றெல்லாம் ஏற்கனவே கேட்கிறார்கள். அதன்கீழ் துப்பாக்கி உண்டா என்ற ஒரு வரியை அச்சிட எவ்வளவு மை ஆகிவிடும்?